அறுபது அடியைத் தாண்டிய நாள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1995-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் ஆடவர் மும்முறைத் தாண்டுதல் போட்டியைப் பற்றி ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து அந்தப் போட்டியைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரு கிரிக்கெட் தொடருக்கு வருவதைவிட அதிகமான கடிதங்கள் ஒரு தாண்டுதல் போட்டிக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அன்று நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்ல முடியுமா? – வாசகர், கும்பகோணம்

1995 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை. இடம் கோத்தன்பர்க்கின் உல்லேவி மைதானம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜொனாதன் எட்வர்ட்ஸ் அந்த ஆண்டின் தொடக்கத்தில் உலகம் அதிகம் அறியாத வீரராகவே இருந்தார். ஆனால் கோத்தன்பர்க்கிற்கு வந்து இறங்கியபோது உலக சாதனை அவர் கையில் இருந்தது. அமெரிக்க வீரர் வில்லி பேங்க்ஸ் 1985 ஜூன் மாதத்தில் இண்டியானாபோலிஸ் நகரில் தாண்டிய 17.97 மீட்டர் பத்து ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, ஜூலை 18 அன்று, ஸ்பெயினின் சாலமாங்கா நகரில் எட்வர்ட்ஸ் 17.98 மீட்டர் தாண்டி அதை ஒரே ஒரு சென்டிமீட்டரால் முறியடித்திருந்தார்.

அதனால் அன்று எல்லோருடைய எதிர்பார்ப்பும் ஒன்றுதான்: பின்னாலிருந்து தள்ளும் காற்று விதி அனுமதிக்கும் அளவை மீறாதபோது 18 மீட்டரை முதலில் தாண்டுபவர் இவராக இருப்பாரா? அதற்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதல் சுற்றிலேயே அவர் 18.16 மீட்டர் தாண்டினார். பதினெட்டு மீட்டருக்கு அப்பால் அதுவரை எந்த வீரரும் சாதனையாகப் பதிவு செய்திராத ஓர் இடத்தில் அவர் மணலில் இறங்கினார். சாதாரணமாக ஒரு வீரர் இதற்குப் பிறகு தளர்ந்துவிடுவார். இலக்கை எட்டிவிட்டோம் என்ற நிறைவே உடலைத் தளர்த்திவிடும். எட்வர்ட்ஸோ இரண்டாவது சுற்றில் மீண்டும் ஓடிவந்து 18.29 மீட்டர் தாண்டினார். இரண்டு தாவல்களுக்கும் பின்காற்று விநாடிக்கு 1.3 மீட்டர், விதி அனுமதிக்கும் 2.0-க்குள் வசதியாக அடங்கியது.

அறுபது அடி என்பது 18.288 மீட்டர். மீட்டர் கணக்கில் 18-ஐயும், அடிக் கணக்கில் 60-ஐயும், இரண்டு எல்லைகளையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்த இரு தாவல்களில் ஒருவரே கடந்தார் என்பதுதான் அந்த நாளின் சிறப்பு. வெள்ளி வென்றவரின் தூரம் 17.62 மீட்டர். இடைவெளி 67 சென்டிமீட்டர். உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், சென்டிமீட்டர்களில் பதக்கம் தீர்மானிக்கப்படும் ஒரு விளையாட்டில், இது மலைக்கவைக்கும் இடைவெளி.

கேள்வி: நாங்கள் ‘முப்பாய்ச்சல்’ என்கிறோம், நீங்கள் ‘மும்முறைத் தாண்டுதல்’ என்று எழுதுகிறீர்கள். எது சரி? – வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டும் சரியே. தமிழ்நாட்டு நாளிதழ்களில் மும்முறைத் தாண்டுதல் என்றும், இலங்கையில் முப்பாய்ச்சல் என்றும் வழங்குகிறது. உங்கள் சொல் சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். பழக்கம் காரணமாகவே எங்கள் சொல்லைத் தொடர்கிறேன்.

கேள்வி: 18.29 மீட்டரில் ஒவ்வொரு தாவலும் எவ்வளவு நீளம்? மூன்றில் எது மிக முக்கியமானது? – வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஹாப், ஸ்டெப், ஜம்ப் என்ற பெயர்களையே பயன்படுத்துவோம். ஓடிவந்து மிதித்து எழும்பும் பலகையில் எந்தக் காலை ஊன்றுகிறோமோ அதே காலில் இறங்குவது ஹாப். நம் பிள்ளைகள் நொண்டி விளையாடும்போது செய்வது இதுதான். அங்கிருந்து எழும்பி மற்றக் காலில் இறங்குவது ஸ்டெப். பிறகு அந்தக் காலிலிருந்து எழும்பி இரண்டு கால்களுமாக மணலில் இறங்குவது ஜம்ப். எட்வர்ட்ஸின் சாதனைத் தாவலில் ஹாப் 6.05 மீட்டர், ஸ்டெப் 5.22 மீட்டர், ஜம்ப் 7.02 மீட்டர் என்று அளவிடப்பட்டுள்ளன. கூட்டிப் பாருங்கள், 18.29 வரும்.

இந்த எண்களில் நான் திரும்பத் திரும்ப எண்ணி வியப்பது கடைசி எண்ணைத்தான். 7.02 மீட்டர் என்பது தனியாக நீளம் தாண்டுதல் போட்டியில் தாண்டினாலே கல்லூரி மாணவர் ஒருவர் பாராட்டுப் பெறும் தூரம். அந்த மாணவர் முழு வேகத்தில் ஓடிவந்து, புதிய காலோடு பலகையை மிதித்து அந்தத் தூரத்தை எட்டுகிறார். எட்வர்ட்ஸோ அதற்கு முன்பே பதினொரு மீட்டருக்கு மேல் இரண்டு தாவல்களில் கடந்து, இரண்டு முறை ஒற்றைக் காலில் தரையை அறைந்து, அதன் பிறகு 7.02 மீட்டர் தாண்டினார். அப்படியானால் முதல் இரண்டு தாவல்களிலும் அவர் தம் வேகத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டிருக்க வேண்டும்!

மும்முறைத் தாண்டுதலை வலிமையின் போட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்தில் அது சேமிப்பின் போட்டி. உலகத் தர வீரர் பலகையை விநாடிக்குப் பத்து மீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து மிதிக்கிறார். அதற்கு மேல் வேகத்தைக் கூட்ட வழியே இல்லை. தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு போய்விடும். போவதைக் குறைப்பது மட்டுமே வீரரால் ஆகக்கூடியது. ஹாப்பில் ஆசைப்பட்டு மிக உயரமாக எழும்பினால், அந்த உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் இறங்க வேண்டும், உடல் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான விசை அந்தக் காலில் வந்து விழும், முழங்கால் மடங்கும், ஸ்டெப் வெறும் தடுமாற்றமாகச் சுருங்கிவிடும். பள்ளி மைதானங்களில் இதை நாம் நாள்தோறும் காணலாம். முதல் தாவல் பிரமாதமாக இருக்கும், இரண்டாவது தாவல் இருக்கவே இருக்காது, மூன்றாவதில் மாணவர் மணலை எட்டுவதே அரிதாகிவிடும்.

எட்வர்ட்ஸ் உயரமாக எழும்பவில்லை. அவருடைய ஹாப் தாழ்வாகவும் நீளமாகவும் இருந்தது. ஊர்க் குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் அது தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாவிச் செல்லுமல்லவா, அந்தத் தாவலை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லைச் செங்குத்தாகப் போட்டால் மூழ்கும். தாழ்வாக, வேகமாக விட்டால் தாவும். மேலும், அவர் இரண்டு கைகளையும் ஒருசேரப் பின்னிழுத்து முன்வீசும் முறையைக் கையாண்டார். ஓடும்போது போலக் கைகளை மாற்றி மாற்றி வீசுவதைவிட இது கடினம். ஆனால் சரியாகச் செய்தால், கால் தரையில் இருக்கும் அந்தக் கண நேரத்தில் உடலைத் தூக்கிவிடவும் சமநிலையைக் காக்கவும் உதவும்.

எது முக்கியம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றிலும் குறுகியது ஸ்டெப். இருந்தும் அந்த 5.22 மீட்டர்தான் சாதனையின் உயிர்நாடி என்பேன். அந்தப் போட்டியின் ஒளிப்பதிவைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கண்ணை மணற்குழியில் வைக்காதீர்கள். ஸ்டெப்பில் வைத்துப் பாருங்கள். தொடை தரைக்கு இணையாக உயர்ந்து, அப்படியே காற்றில் காத்திருந்து, அவசரப்படாமல் இறங்குவது தெரியும். அந்தக் காத்திருப்பு இல்லாமல் 7.02 மீட்டர் ஜம்ப் கிடைத்திருக்காது.

கேள்வி: எட்வர்ட்ஸ் 18.43 மீட்டர் தாண்டியிருக்கிறார் என்று படித்தேன். பிறகு ஏன் 18.29 சாதனையாக இருக்கிறது? – வாசகர், திருநெல்வேலி

படித்தது உண்மைதான். அதே 1995-இல், ஜூன் 25 அன்று, பிரான்சில் லீல் நகரை அடுத்த வில்னேவ் தாஸ்க் என்ற இடத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் அவர் 18.43 மீட்டர் தாண்டினார். அன்று பின்காற்று விநாடிக்கு 2.4 மீட்டர். சாதனைக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு 2.0. அந்த 0.4-இன் காரணமாக அது பதிவேட்டில் உலக சாதனையாக ஏறவில்லை.

காற்றை அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வீரர் பலகைக்கு 35 மீட்டர் முன்னால் உள்ள குறியைக் கடக்கும் கணத்திலிருந்து ஐந்து விநாடிகளுக்குக் காற்றின் வேகம் அளக்கப்பட்டு, சராசரி எடுக்கப்படுகிறது. இங்கே ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. காற்று மிகுந்தால் தாவலே செல்லாது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தப் போட்டியின் வரிசைக்கும் பதக்கத்துக்கும் அது செல்லும். சாதனைக்கு மட்டுமே செல்லாது.

எதிர்க்காற்றுக்கு எந்தச் சலுகையும் இல்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. நம் தமிழ்நாட்டு வீரர் பிரவீன் சித்ரவேல் 2023 மே மாதத்தில் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டி, ரஞ்சித் மகேஸ்வரியின் 17.30 என்ற தேசிய சாதனையை முறியடித்தபோது, அவர் முகத்துக்கு எதிரே விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் அது ஒரு சிறிய கழித்தல் குறியாக மட்டுமே நிற்கிறது. அந்தக் குறியைச் சேர்த்துப் படிப்பவர்களுக்கே அந்தத் தாவலின் முழு மதிப்பு விளங்கும்.

கேள்வி: வெள்ளி, வெண்கலம் வென்றவர்களைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லையே? – வாசகர், சென்னை

நியாயமான குறை. வெள்ளி வென்ற பிரையன் வெல்மேன் பெர்முடாவைச் சேர்ந்தவர், தூரம் 17.62 மீட்டர். வெண்கலம் வென்ற ஜெரோம் ரொமேன் டொமினிக்காவைச் சேர்ந்தவர், தூரம் 17.59 மீட்டர். நான்காவதாக வந்த கியூபாவின் யோயெல்பி கெசாடாவின் சிறந்த தாவலும் அதே 17.59 மீட்டர்தான். சிறந்த தூரம் சமமாக இருந்தால் இருவருடைய இரண்டாவது சிறந்த தாவலை ஒப்பிட்டு இடத்தைத் தீர்மானிப்பது விதி. ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாமல் தாண்டிவிட்டுப் பதக்கமின்றி ஊர் திரும்புவது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! ஆனால் கெசாடா சோர்ந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து 1997-இல் ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 17.85 மீட்டர் தாண்டித் தங்கமே வென்றார். அங்கே எட்வர்ட்ஸ் 17.69 மீட்டருடன் இரண்டாம் இடத்தில் நின்றார்.

பெர்முடாவும் டொமினிக்காவும் மிகச் சிறிய தீவுகள். இரண்டின் மக்கள்தொகையையும் கூட்டினால்கூட நம்முடைய நடுத்தர நகரம் ஒன்றுக்கு ஈடாகாது. உலக சாம்பியன்ஷிப் மேடையின் இரண்டு படிகளில் அவர்கள் நின்றதை, எட்வர்ட்ஸின் சாதனை வெளிச்சத்தில் உலகம் சரியாகக் கவனிக்கவில்லை. பிற்காலத்தில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், டொமினிக்கா தன் வரலாற்றின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கத்தை, வென்றது. வென்றவர் தியா லஃபாண்ட், தூரம் 15.02 மீட்டர், போட்டி பெண்களுக்கான மும்முறைத் தாண்டுதல்.

பெண்கள் போட்டி என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அதே கோத்தன்பர்க்கில், மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று உக்ரைனின் இனெஸ்ஸா கிராவெட்ஸ் 15.50 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். வெனிசுவேலாவின் யுலிமர் ரோஜாஸ் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 15.67 மீட்டர் தாண்டும் வரை அது நிலைத்தது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டியிட மாட்டேன் என்று எட்வர்ட்ஸ் மறுத்தது உண்மையா? – வாசகர், திருச்சிராப்பள்ளி

உண்மை. கிறிஸ்தவ நம்பிக்கையின் காரணமாக ஞாயிறன்று போட்டியிடுவதை அவர் தவிர்த்து வந்தார். 1991-இல் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பை அதற்காகவே விட்டுக்கொடுத்தார். 1993-இல் மனத்தை மாற்றிக்கொண்டு ஸ்டுட்கார்ட் போட்டியில் பங்கேற்று 17.44 மீட்டருடன் வெண்கலம் வென்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்ற நிலையில், தம் சமய நம்பிக்கை தம்மை விட்டு அகன்றுவிட்டதாக வெளிப்படையாகவே சொன்னார். இரண்டு நிலைகளிலும் அவர் தமக்கு உண்மையாக இருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பின்னால் வரும் கால் தரையில் உரசினால் ஃபவுல் என்று எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அப்படி இல்லையாமே? – ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம்

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காலத்து விதிப்படி சரி. இப்போதைய விதிப்படி, ஊன்றாத கால் தாவலின் இடையே தரையைத் தொட்டாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் தாவல் தவறாகாது.

பழைய விதியால் எழுந்த மனக்கசப்புகளில் மிகப் பெரியது 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் இயன் கேம்ப்பெல் தாண்டிய மிக நீளமான தாவல் ஒன்றை, பின்கால் உரசியது என்று கூறி நடுவர்கள் ஏற்க மறுத்தனர். அன்றைய உலக சாதனையாளரான பிரேசிலின் ஜோவோ கார்லோஸ் டி ஒலிவேராவின் தாவல்களும் மறுக்கப்பட்டன. சோவியத் ஒன்றியத்தின் யாக் உட்மே 17.35 மீட்டருடன் தங்கமும், அதே அணியின் விக்டர் சனேயெவ் 17.24 மீட்டருடன் வெள்ளியும் வென்றனர், ஒலிவேரா 17.22 மீட்டருடன் வெண்கலம் பெற்றார். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் ஓர் உரசலை மனிதக் கண் கண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதே சிக்கலான ஏற்பாடு. உரசுவதால் வீரருக்கு எந்த ஆதாயமும் இல்லை, வேகம்தான் குறையும். அந்த விதி போனது நல்லதே.

கேள்வி: காலணி, ஓடுபாதை, பயிற்சி என எல்லாமே முன்னேறிவிட்டன. முப்பது ஆண்டுகள் ஆகியும் 18.29 ஏன் முறியடிக்கப்படவில்லை? – வாசகர், வேலூர்

மிக அருகில் வந்தவர் அமெரிக்காவின் கிறிஸ்டியன் டெய்லர். 2015 ஆகஸ்டில் பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் 18.21 மீட்டர் தாண்டினார். எட்டு சென்டிமீட்டர் குறைவு. அதற்கு முன்பு முழங்கால் தொல்லை காரணமாகப் பலகையில் ஊன்றும் காலையே அவர் மாற்றிக்கொண்டிருந்தார் என்பதைச் சேர்த்து எண்ணினால் அந்தத் தாவல் இன்னும் பெரிதாகத் தெரியும். ஸ்பெயினின் ஜோர்டான் டியாஸ் 2024 ஜூனில் ரோமில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 18.18 மீட்டர் தாண்டினார். பதினெட்டு மீட்டரைக் கடந்த வேறு சிலரும் உண்டு. எனவே எல்லை அருகில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

போலந்தின் யூசெஃப் ஷ்மிட் 1960-இல் 17.03 மீட்டர் தாண்டி 17 மீட்டரைக் கடந்த முதல் மனிதரானார். அங்கிருந்து 18 மீட்டரைத் தொட முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இந்த விளையாட்டு இயல்பாகவே மெதுவாக நகர்வது. மூன்று தாவல்களும் ஒருசேர நன்றாக அமைய வேண்டும். காற்று உதவ வேண்டும், ஆனால் வரம்பை மீறக் கூடாது. பலகையில் கால் சரியான இடத்தில் விழ வேண்டும். இவை அனைத்தும் ஒரே தாவலில் கூடிவருவது அரிது. எட்வர்ட்ஸுக்கே அது மறுபடி கூடிவரவில்லை. அடுத்த ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் 17.88 மீட்டர் தாண்டியும், கென்னி ஹாரிசன் 18.09 மீட்டர் தாண்டியதால் வெள்ளியோடு நிற்க நேர்ந்தது. ஒலிம்பிக் தங்கம் அவருக்கு 2000-இல் சிட்னியில் 17.71 மீட்டருக்குக் கிடைத்தது. 2001-இல் எட்மண்டனில் 17.92 மீட்டருடன் மீண்டும் உலக சாம்பியன் ஆனார். 18.29-ஐ அவரும் பிறகு நெருங்கவில்லை.

சாதனை முறியடிக்கப்பட வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். அந்தத் தாவலைப் பார்க்கும் நாளில் 1995-ஐ நினைத்து வருந்த மாட்டேன்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. இந்த ஒளிப்பதிவை மாணவர்களுக்குக் காட்டலாமா? எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? – வாசகி, புதுக்கோட்டை

அவசியம் காட்டுங்கள். ஆனால் அதைப் பார்த்த உடனே முழு ஓட்டத்துடன் தாண்டச் சொல்லிவிடாதீர்கள். பன்னாட்டு ஆடவர் போட்டிகளில் பலகைக்கும் மணற்குழிக்கும் இடையே குறைந்தது 13 மீட்டர் இருக்க வேண்டும். பெண்களுக்கு 11 மீட்டர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் வேண்டாம். மணலை எளிதாக எட்டும்படி குழிக்கு அருகிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆறேழு அடி வைத்து ஓடிவரச் செய்யுங்கள். வளரும் கால்களுக்குக் கட்டாந்தரை ஆகாது. புல்தரையிலோ, மண்ணைக் கிளறிவிட்ட இடத்திலோ பழக்குங்கள்.

தூரத்தை முதல் சில வாரங்களுக்கு அளக்கவே வேண்டாம். ஒரு மாணவர் தாண்டும்போது மற்றவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு காலடி ஓசையை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பலகையில் ஒன்று, ஹாப் இறங்கும்போது ஒன்று, ஸ்டெப் இறங்கும்போது ஒன்று என மூன்று ஓசைகள் வரும். முதல் இடைவெளி நீண்டு, இரண்டாவது இடைவெளி சட்டென முடிந்துவிட்டால், ஹாப் உயரமாகப் போய்விட்டது என்று பொருள். இரண்டு இடைவெளிகளும் ஏறத்தாழ ஒன்றாகக் கேட்கத் தொடங்கியதும் அளவுநாடாவை எடுங்கள்.